மீன் விடாதீங்க, சாமி!

போன வாரம் எங்க ஊர்க்காரங்க வாட்ஸப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. சித்தூர், புத்தூர், நகரி, திருப்பதி என்று அந்தப் பக்கம் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்து, இப்போது டென்வரிலிருந்து டல்லாஸ் வரை ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கும் நாற்பது சொச்சம் குடும்பங்கள் உள்ள குழு. பொங்கல் பொட்லக், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு என்று நல்ல காரியங்கள் செய்கிற குழுதான்.

இந்த முறை திட்டம் பெரிசு. தலக்கோனா பக்கத்து ஓடைகளில் மஹசீர் குஞ்சு வாங்கி விடுவது. தோதுப்பட்டால் ட்ரவுட்டும் விடுவது. மூன்று நாலு வருஷத்தில் மீன் வளர்ந்துவிடும். தூண்டில் பிடிக்கிற டூரிஸ்டுகள் வருவார்கள், ஊர்ப் பையன்களுக்கு வேலை கிடைக்கும், மீனும் பாதுகாக்கப்படும். கடைசி வரி: "கொலராடோ மாதிரி நம்ம ஊரையும் ஆக்கலாம்!" குடும்பத்துக்கு 250 டாலர்.

பத்து நிமிஷத்தில் பதினேழு கட்டைவிரல். நான் ஒருத்தன் மட்டும் "வேண்டாம்" என்று போட்டேன். உடனே போன். குழுவை நடத்துகிற அண்ணன்தான். "ஏம்ப்பா, நல்ல காரியம் பேசறப்போ குறுக்க பூனை மாதிரி வர்றியே?"

"நாலு வரியில சொல்ல முடியாதுண்ணா, எழுதறேன்" என்றேன். இதோ எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். நானும் யோக்கியன் இல்லை. 2017ல் வேறொரு நண்பர் வட்டம் எங்கள் பக்கத்து ஆற்றில் "மீன் குஞ்சு விடும் விழா" நடத்தியபோது 200 டாலர் கொடுத்தவன் நான். போட்டோ வந்தது. பேனர், மாலை, வேட்டியை மடித்துக் கட்டின பெரிய மனிதர்கள், பிளாஸ்டிக் பையிலிருந்து வெள்ளி வெள்ளியாகக் கொட்டும் குஞ்சுகள். அதைத் தங்கமணியிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

2019ல் லீவில் போனபோது பையனை அந்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். ஆறு என்பது ஒரு மடுவாகச் சுருங்கிக் கிடந்தது. வலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் "என்ன மீன் மாட்டுது தாத்தா?" என்று கேட்டேன். கூடையைச் சாய்த்துக் காட்டினார். எல்லாம் ஜிலேபி. ஒன்றுகூட வேறு இல்லை. "கட்லான்னு சொல்லித்தான் விட்டாங்க தம்பி. இதுவும் கலந்து வந்துச்சு. கட்லாவைப் பிடிச்சுத் தின்னாச்சு, இது மட்டும் நிக்குது. முன்னாடி கெளுத்தி, ஆரல், உளுவை, குறவைன்னு இருந்துச்சு. இப்ப அதெல்லாம் எங்க?"

அந்த 200 டாலரில் என் பங்குக்கு எத்தனை ஜிலேபி என்று யாராவது கணக்குப் போட்டுச் சொன்னால் தேவலை.

ஜிலேபி என்கிற திலாப்பியா ஆப்பிரிக்க மீன். 1952ல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள், ஏழை ஜனங்களுக்குப் புரதம் கிடைக்கும் என்ற நல்லெண்ணத்தில். கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள். அவற்றைத் தெற்கே கொண்டுவந்து ஏரி குளங்களில் விட்டதும் நல்லெண்ணத்தில்தான். குளத்தில் வளர்த்துச் சாப்பிடுவதைப் பற்றி எனக்கு ஒரு தகராறும் இல்லை. அது கோழிப் பண்ணை மாதிரி ஒரு தொழில். ஓடுகிற ஆற்றில் விட்டுவிட்டு அதற்கு "பாதுகாப்பு" என்று பேர் வைக்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, கொலராடோ மாதிரி ஆக்கலாம் என்கிறார்களே, கொலராடோவில் என்ன நடந்தது என்று பார்ப்போம். இங்கேதான் பதினைந்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன்.

இந்த மாநிலத்தின் மீன் கிரீன்பேக் கட்த்ரோட் என்ற ட்ரவுட். பச்சை முதுகு, தாடைக்குக் கீழே கத்தியால் கீறின மாதிரி சிவப்புக் கோடு. 1937ல் இது அழிந்தே போய்விட்டது என்று அறிவித்தார்கள். சுரங்கக் கழிவு ஒரு காரணம். தூண்டில் பிடிப்பதற்காக வெளியூர் ட்ரவுட்டுகளை வகைதொகையில்லாமல் ஓடைகளில் விட்டது இன்னொரு காரணம். பிறகு 1950களில் மலை உச்சி ஓடைகளில் கொஞ்சம் மிச்சம் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். சந்தோஷம். வளர்த்தார்கள், ஓடை ஓடையாக விட்டார்கள். 1994ல் அதையே மாநில மீன் என்று சட்டமும் போட்டார்கள்.

2007ல் மரபணுப் பரிசோதனை குட்டை உடைத்தது. காப்பாற்றியதாக நினைத்தவற்றில் பல, கிரீன்பேக்கே இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஒன்றுவிட்ட தம்பி! 2012ல் மியூசியங்களில் இருந்த பழைய மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அசல் கிரீன்பேக் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு இடத்தில்தான் என்று தெரிந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் பேர் கிரீக் என்ற சின்ன ஓடை, அதில் சுமார் நாலு மைல் நீளம். அவ்வளவுதான். படித்த அதிகாரிகள், கைநிறையப் பணம், பல்கலைக்கழகங்கள், எல்லாம் இருந்தும் பல வருஷம் தப்பான மீனை விட்டிருக்கிறார்கள். நாம் வாட்ஸப்பில் 250 டாலர் வசூலித்து விடப்போகிறோமாம்.

"அந்த பேர் கிரீக் மீனே யாரோ கொண்டுவந்து விட்டதுதானே?" என்று விஷயம் தெரிந்தவர்கள் மடக்கலாம். ஆமாம். அந்த ஓடை அந்த மீனின் சொந்த ஊர் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஹோட்டல் நடத்திய ஒருவர் விருந்தாளிகளுக்காகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்று நம்புகிறார்கள். அது லாட்டரி. ஒருத்தனுக்கு விழுந்தது என்பதற்காக ஊரே சீட்டு வாங்க முடியாது.

பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். முதலில் ஓடையிலிருந்து வேற்று மீனை எடுத்தார்கள். தடுப்புக்கு மேலே வெளி மீன் ஏறாது என்று உறுதி செய்துகொண்டார்கள். அப்புறம்தான் அசல் மீனை விட்டார்கள். டென்வருக்கு மேற்கே ஹெர்மன் கல்ச் என்ற ஓடையில் அது தானாகவே குஞ்சு பொரித்து வளர்கிறது என்று 2022ல்தான் அறிவிக்க முடிந்தது. 2012லிருந்து பத்து வருஷம்!

சரி, ட்ரவுட்டுக்கு வருவோம். தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டினாலே ட்ரவுட்டுக்குத் திணறல் ஆரம்பம். இங்கேயே கோடை மத்தியானங்களில் ஆறு சூடானால் "தயவுசெய்து மீன் பிடிக்க வராதீர்கள்" என்று மாநிலத்துக்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள். பிடித்து விட்டாலும் அந்தச் சூட்டில் செத்துப்போகும். நீலகிரியில் 1900களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் ட்ரவுட்டைக் கொண்டுவந்து அவலாஞ்சியில் பண்ணை வைத்துப் பிழைக்க வைத்தான் என்றால், அது ஊட்டிக் குளிர். நம்ம ஊரில் மே மாசம் மாட்டுக்கே நிழல் தேடணும். அங்கே ட்ரவுட் விடுவது, மீனை நேராகக் குழம்புச் சட்டியில் விடுவதற்குச் சமம். அதுவும் தலக்கோனா ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவைச் சேர்ந்த காடு. அங்கே நம் இஷ்டத்துக்கு மீன் விடுவது டூரிஸம் ஆகாது, குற்றம்தான் ஆகும்.

"ட்ரவுட் வேண்டாம், மஹசீர் நம்ம நாட்டு மீன்தானே?" என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. பதில் காவிரியில் இருக்கிறது.

மஹசீர் என்பது ஒரு மீன் இல்லை, கெண்டைக் குடும்பத்தில் ஒரு கூட்டம். இமயமலை ஓடையில் ஒன்று, மகாராஷ்டிரத்து ஆறுகளில் ஒன்று, காவிரியில் மட்டும் ஒன்று. ட்ரவுட்டுக்கு இருக்கிற மாதிரியே இதற்கும் உலகம் முழுக்கத் தூண்டில் ரசிகர்கள் உண்டு. பீம்தாலில் இருக்கும் மத்திய அரசின் குளிர்நீர் மீன் ஆராய்ச்சி நிறுவனம் ட்ரவுட்டோடு சேர்த்து மஹசீரையும் கவனிக்கிறது. சென்னை ராஜதானியில் கலெக்டராக இருந்த எச்.எஸ். தாமஸ் 1873லேயே இந்தியத் தூண்டில் பற்றி ஒரு புத்தகம் எழுதி இதைப் பிரபலமாக்கினார். 1946ல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அந்த வகைக்கு முதுகில் திமில் மாதிரி ஒரு மேடு, துடுப்பு ஆரஞ்சு நிறம். காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

1970களில் மஹசீர் குறைகிறதே என்று கவலை வந்தது. கவலைப்பட்டவர்கள் நல்லவர்கள். லோனாவாலாவில் டாட்டா மின்சாரக் கம்பெனியின் பண்ணையில் மஹசீர் குஞ்சு பொரிக்க வழி கண்டுபிடித்திருந்தார்கள். அது பெரிய சாதனை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பொரித்தது புனே பக்கத்து மீன். நீலத் துடுப்பு, வேறு வகை. அதைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். மஹசீர்தானே, மஹசீர் ஆற்றில் மஹசீர்!

கர்நாடகத்தில் கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் பிடித்த ஒவ்வொரு மீனையும் எடை போட்டுக் குறித்து வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவேட்டை ஆய்வாளர்கள் பிறகு அலசினார்கள். நீலத் துடுப்பு வருஷா வருஷம் ஏறுகிறது. ஆரஞ்சுத் துடுப்பு குறைந்துகொண்டே போய் அபூர்வமாகிவிடுகிறது. பிடிபட்ட ஒன்றிரண்டும் வர வர எடை கூடினவை. அது நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் கிழவர்கள் மட்டும் இருக்கிறார்கள், தொட்டில் காலி என்று அர்த்தம். காரணம் விட்ட மீன் மட்டும்தான் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. அணை, மணல் கொள்ளை, வெடி எல்லாமும் உண்டு. ஆனால் ஒரு ஆற்றின் மீனைக் காப்பாற்ற இன்னொரு ஆற்று மீனை விட்ட காலமும், அந்த மீன் காணாமல் போன காலமும் ஒன்றாக இருக்கிறது.

இதில் பெரிய கேவலம் என்ன தெரியுமா? நூற்றைம்பது வருஷமாகப் புகழ்பெற்ற அந்தத் திமில் மீனுக்கு அறிவியல் பெயர் எது என்றே முடிவாகாமல் இருந்தது. பெயர் நிச்சயமில்லாததை "அழியும் இனம்" என்று பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? 2018ல்தான், அமராவதியின் கிளையான பாம்பாற்றில் கிடைத்து 2007ல் பெயரிடப்பட்ட டோர் ரமாதேவியே இந்த மீன் என்று உறுதி செய்தார்கள். சென்னை விலங்கியல் ஆய்வாளர் ஒருவர் பேரால் வைத்த பெயர் அது. அதே வருஷம் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்று பட்டியலில் ஏறியது. நீலகிரி அடிவாரத்து மாயாறு மாதிரி ஒன்றிரண்டு இடங்களில்தான் இப்போது நம்பிக்கை.

காவிரி என்றதும் நம் குழுவில் டிஎம்சி கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். மேகதாது அணைக்கு 67 டிஎம்சி என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். அந்தத் தண்ணீருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒரு மீன் முடியப்போகிறது என்று இரண்டு பக்கத்திலும் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வளவு படித்ததும் குழுவில் இன்னொரு கட்சி கிளம்பும். "அதான் சொல்றோம், தூண்டிலே பாவம். பிடிக்கிறதும் விடறதும் என்ன விளையாட்டு? தடை பண்ணுங்க!" இவர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்குப் பத்து வயது. சித்தூருக்கு வெளியே நீவா ஆற்றில் ஒரு மடு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அதே ஆற்றுக்குப் பொன்னை என்று பேர். தாத்தாவோடு உட்கார்ந்திருக்கிறேன். மூங்கில் கழி, மண்புழு. கல் குவாரியில் வேலை செய்கிற நாலு பேர் வந்தார்கள். "பெரியவரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க." திரி பற்ற வைத்த தோட்டா ஒன்று தண்ணீரில் விழுந்தது. சத்தம் காதில் இல்லை, வயிற்றில் கேட்டது. ஒரு நிமிஷத்தில் மடு முழுக்க வெள்ளை வயிறு. பெரிசாகப் பார்த்து ஒரு கோணிப்பை பொறுக்கினார்கள். விரல் நீளக் குஞ்சுகளைத் தொடவில்லை. அவை அப்படியே மிதந்தன. தாத்தா ஒன்றும் பேசாமல் கழியைச் சுருட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்த மடுவுக்குப் போகவே இல்லை.

வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். சட்டம் இருந்தது. மடுவில் ஆள் இல்லை. தாத்தா ஒருத்தர் இருந்தார், அவர் பேச்சுக்கு விலை இல்லை.

காவிரியில் தூண்டில் முகாம்கள் அந்த விலையைத்தான் கொடுத்தன. பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமகலி என்று முகாம்கள். பிடித்த மீனை எடை பார்த்து உயிரோடு விடுவதுதான் விதி. முன்பு வெடி வைத்தவர்களில் பலர் அங்கே கைடுகளாகவும் காவலாளிகளாகவும் சம்பளம் வாங்கினார்கள். செத்த மீன் ஒருநாள் சந்தைக்கு. உயிரோடு இருக்கிற மீனுக்காகவோ வருஷா வருஷம் ஆள் வருவான். இந்தக் கணக்கு ஆற்றங்கரைக்காரனுக்கு நம்மைவிட நன்றாகப் புரியும். பிறகு, வனவிலங்குச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று நிறுத்தினார்கள். கலிபோரே பதிவேடு 2012ல் முடிவது அதனால்தான். எடை எழுதுகிற ஆள் போனான், இரவில் ரோந்து போகிற ஆளும் குறைந்தான், வெடிக்காரனுக்குக் கதவு திறந்தது என்று இந்த ஆற்றை அறிந்தவர்கள் எச்சரித்தார்கள்.

தூண்டில் மீனுக்கு வலிக்காது என்று நான் சொல்லவில்லை. எதிர்முள் இல்லாத கொக்கி போட்டாலும் அதற்குக் கஷ்டம்தான். ஆனால் தெரியாத ஆற்றில் மீன் விட்டதும் அதே தூண்டில் ரசிகர்கள்தான், பதிவேடு எழுதி உண்மையைக் காட்டிக்கொடுத்ததும் அதே ரசிகர்கள்தான். முதலாவதைத் தடுத்து இரண்டாவதை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நாம் இரண்டாவதை நிறுத்திவிட்டு முதலாவதற்கு மாலை போட்டு போட்டோ எடுக்கிறோம்.

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு கோவில் இருக்கிறது. நாகலாபுரம் வேதநாராயண சுவாமி. பெருமாள் மச்சாவதாரத்தில், இடுப்புக்குக் கீழே மீனாக நிற்கிறார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். பாகவதக் கணக்கில் சத்தியவிரதன் திராவிட தேசத்து ராஜா. ஆற்றில் கையில் எடுத்த தண்ணீரில் ஒரு சின்ன மீன் வந்துவிடுகிறது. "பெரிய மீன்கள் என்னைத் தின்றுவிடும், காப்பாற்று" என்கிறது. ராஜா என்ன செய்தான்? கமண்டலத்தில் வைத்தான், தொட்டியில் வைத்தான், குளத்தில் வைத்தான், அது வளர வளர இடம் கொடுத்துக்கொண்டே போனான். அந்த மீன் கேட்டது இடம்தான், துணைக்கு வேறு ஊர் மீன் இல்லை. சந்நிதியில் நான் சொன்ன இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வெளியே வந்த என் பையன், வறண்டு கிடந்த ஆரணியாற்றைப் பார்த்து, "அப்பா, இந்த மீனுக்கு இப்ப எங்க இடம் இருக்கு?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் அண்ணா, என் 250 டாலர் இருக்கிறது. மீனுக்குக் கொடுக்க மாட்டேன். வேறு மூன்று விஷயத்துக்குக் கொடுக்கிறேன்.

ஒன்று, மே மாசத்திலும் தண்ணீர் நிற்கிற மடுக்கள் எவை என்று கண்டுபிடிப்போம். மழை வரும்வரை ஆற்றின் மொத்த மீன் வித்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அந்தப் பெரியவர் மாதிரி வலைக்காரர்களிடம் கேட்டால் அரை நாளில் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு, அந்த மடுக்களில் என்ன மீன் இருக்கிறது என்று பட்டியல் எடுப்போம். திருப்பதியில் பல்கலைக்கழகம் இருக்கிறது. விலங்கியல் படிக்கிற பிள்ளைகளுக்குப் பஸ் காசும் சாப்பாடும் நம் பொறுப்பு. காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதியோடு. இருப்பதே தெரியாமல் எதைக் காப்பாற்றுவது?

மூன்று, அந்த வலைக்காரர்களில் நாலு பேருக்கு மாசச் சம்பளம். வெடி, விஷம், ராத்திரி மணல் லாரி, எது வந்தாலும் போன் பண்ணுகிற ஆள். குழு பின்னால் இருக்கிறது என்றால் அவர் பேச்சுக்கு எடை கூடும். அமெரிக்காவில் 1950லிருந்து தூண்டில் சாமான் விலையில் பத்து சதவிகிதம் வரியாகப் போய் மீனுக்கும் ஆற்றுக்கும் செலவாகிறது. கொலராடோ மாதிரி ஆகணும் என்றால் காப்பியடிக்க வேண்டியது அந்த வரியை, ட்ரவுட்டை அல்ல.

தூண்டில் விளையாட்டும் வேண்டும் என்றால் தாராளமாக வரட்டும். அதற்கு நம்ம ஊர் மீனே இருக்கிறது. விரால்! தெலுங்கில் கொர்ரமீனு. தவளையைக் கட்டிப் போட்டால் அது பாய்கிற பாய்ச்சலைப் பார்த்தவன் ட்ரவுட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டான். ஏரியில் தண்ணீர் நின்றால் போதும், அதை யாரும் பையில் கொண்டுவர வேண்டாம். குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் கூடவே நின்று காவல் காக்கிற மீன் அது. அந்த அளவுக்குப் பொறுப்பு நமக்கும் இருந்தால் போதும்.

ஒரு ஆற்றின் மீன் பிழைக்க இரண்டு வேண்டும். அந்த ஆற்று மீனாக இருக்கணும். அது செத்தால் கேட்க ஒரு ஆள் கரையில் இருக்கணும். இரண்டும் இல்லாமல் பை பையாகக் கொட்டுவது நம் மனச்சாட்சிக்கு நாமே போடுகிற பொரி.

ஆகவே அண்ணா, பூனை குறுக்கே வந்தது மீனைத் தின்ன இல்லை :-)

டிஸ்கி: 2017ல் என்னோடு சேர்ந்து பணம் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜிலேபிக் கணக்கில் எனக்கும் சரிபாதி உண்டு.